ஆறு காணி, பதினொரு மான்

பெருமுக்கல்
14-3-1943

அஜிதநாதனுக்கு அப்பா எழுதுவது.

பொங்கலுக்கு மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். போய்ச் சேர்ந்தாயா இல்லையா என்று இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. திண்டிவனம் சந்தையில் பார்த்த ஆள் சொல்லித்தான், யுத்தத்துக்காக விழுப்புரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் தானிய ஆபீசில் நீ குமாஸ்தாவாகச் சேர்ந்தது தெரிந்தது. "மொதல்ல எழுதறவரு தோத்தவருன்னு எங்கயும் எழுதி வைக்கல, எழுதுங்க" என்று உன் அம்மா மைக்கூட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் தேர்டு பாரத்திலேயே தோற்றவன். இன்னொரு தடவை தோற்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

"மானையே மகனா வச்சிக்குங்க" என்று நீ வாசலில் நின்று சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். மான் எதிர்த்துப் பேசாது. அந்த ஒன்றுதான் அதன் பக்கம் அனுகூலம். மற்றபடி கிழக்குக் காட்டில் இருக்கிற பதினொன்றில் ஒன்றுகூட எனக்கு மூட்டு வலித்தால் தைலம் தேய்க்காது.

அந்த ஆறு காணியை ஏன் உழவில்லை என்று நீ கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, இருமல்தான் வரும். இப்போது இருமாமல் சொல்கிறேன். என் சின்ன வயதில் இந்த மலையடியிலிருந்து திண்டிவனம் வரைக்கும் வெளிமான் மேய்ந்தது. இன்றைக்குச் சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, எங்கே பார்த்தாலும் கடலைச் செடி. வீரையும் காரையும் களாவும் மண்டின புதரும், நடுவில் புல்லுமாக நம் ஆறு காணிதான் மிச்சம். அதையும் உழுதுவிட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. நல்லவன் என்பதால் நான் விட்டு வைக்கவில்லை. முதல் நாளே குட்டி படுத்திருக்கிற இடத்தில் கலப்பை ஏறிவிடும் என்று பயம். பயந்தவனுக்கு நம் சமண மதம் ரொம்ப வசதி, பார்க்கிறவர்கள் அதைக் கருணை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு சேதி. பக்கத்துக் கொல்லைக் கோதண்டபாணி மாசி மாதத் தொடக்கத்தில் வந்து நின்றார். "நயினாரே, நீங்க மானை வளக்கிறீங்க, நான் மல்லாட்டைய வளக்கிறேன். கடசியில என்து உங்க மானு வயித்துக்குள்ள பூடுது. அதுங்க உங்க காட்லயே துன்னுக்கினு குடிச்சிக்கினு கெடக்கிற மாதிரி ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நான் துப்பாக்கிக்காரனைக் கூப்புடுவேன்" என்றார். நியாயமான பேச்சு. வெயில் காலத்தில் தண்ணீர் தேடித்தான் அவை அவர் கொல்லையைத் தாண்டிப் போகின்றன, போகிற வழியில் வாய் சும்மா இருக்காது.

ஆகையால் காட்டுக்குள் ஒரு குட்டை வெட்டினேன். வெட்டினால் மண்ணுக்குள் இருக்கிற உயிர் சாகும், வெட்டாவிட்டால் மண்ணுக்கு மேல் இருக்கிற உயிர் சாகும். இரண்டு நாள் இதையே யோசித்து ஒரு நாள் பட்டினி கிடந்து பிறகு ஆரம்பித்தோம். வெட்டினது நம் பண்ணையாள் பெரியசாமி. மண்புழு வந்தால் எடுத்து ஓரமாக விட்டது நான். நான் வீட்டில் இருந்தால் குட்டை சீக்கிரம் முடியும் என்பது பெரியசாமியின் அபிப்பிராயம். ஒன்பதாவது அடியில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு இல்லை, கசப்பு இல்லை, இளநீர் மாதிரி. ஒரு பக்கம் சரிவாக விட்டிருக்கிறோம், இறங்கிக் குடிக்கலாம். மழை வந்ததும் புல் நடுவில் கொள்ளு தெளித்து அறுக்காமல் விடப்போகிறேன். தீனியும் தண்ணீரும் இங்கேயே இருந்தால் கோதண்டபாணிக்கும் நிம்மதி.

முதல் வாரம் எங்களைக் கண்டால் அவை வரவில்லை. இப்போது நான் கரையில் உட்கார்ந்திருந்தாலும் வருகின்றன. நேற்று அந்த முறுக்குக் கொம்புக் கரிய ஆண் மான் பத்தடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "உங்களைப் பாத்து மானுகூட பயப்படல, இதுல இன்னா பெருமை" என்றாள் உன் அம்மா.

சாப்பாடு எங்கே, நம் மத வழக்கப்படி பொழுது போவதற்குள் கிடைக்கிறதா என்று அவள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

அப்பா,
வர்த்தமானன்


விழுப்புரம்
2-4-1943

அப்பாவுக்கு அஜிதநாதன்.

கடிதம் கிடைத்தது. சாப்பாடு ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஐயர் கிளப்பில். ஆபீஸ் விடுவதற்குள் பொழுது போய்விடுகிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. பங்காளி இல்லாத மகனுக்குப் பங்காளியாக மான் வந்து நிற்கிறது. மேற்கே இருக்கிற இரண்டு காணியில் நீங்களும் பெரியசாமியும் போதும், நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஆறு காணியில் மல்லாட்டை போட்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்து பிறத்தியார் நிலத்தின் பட்டியலைக் காப்பி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் அதற்குச் சொன்ன பதில் இருமல். இப்போது எழுதியிருப்பதும் எனக்கு இருமலாகத்தான் கேட்கிறது.

இருந்தாலும் உத்தியோகத்தில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பர்மா அரிசி நின்றுபோனதிலிருந்து இங்கே இருக்கிற ஒரே பேச்சு தரிசு நிலம். தானியம் விளையக்கூடிய இடம் எதுவும் சும்மா கிடக்கக்கூடாது என்று பட்டியல் எடுக்க ஆள் அனுப்பப்போகிறார்கள். உங்கள் பக்கமும் வருவார்கள். தண்ணீர் இல்லாத புதர்க்காட்டை ஒரு கோடு போட்டுத் தள்ளிவிடுகிறார்கள். தண்ணீர் இருக்கிற தரிசுதான் முதலில் போகும்.

அந்தக் குட்டையைப் பற்றி யாரிடமும் பெருமை பேச வேண்டாம். வந்து கேட்டால் உப்புத் தண்ணீர் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வார்த்தை. மேலே எதுவும் சொல்ல வேண்டாம்.

எனக்காகச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் காடு போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஏன் சொல்கிறேன் என்று எனக்கும் தெரியவில்லை.

அஜிதநாதன்


பெருமுக்கல்
20-6-1943

அஜிதநாதனுக்கு.

நீ சொல்லச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியை நீ திட்டிக்கொண்டே படிக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் சைக்கிளில் ஓர் அதிகாரி வந்தார். தொப்பி போட்ட சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கூட நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆள். வயலில் இருந்த கோதண்டபாணியும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அதிகாரி காட்டைச் சுற்றிப் பார்த்து, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, "இதுக்குள்ள தண்ணி எதுனா உண்டா?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கோதண்டபாணி முந்திக்கொண்டார். "தண்ணியா? ஏதுங்க சாமி தண்ணி. நயினாரு பாவம் வெட்டிப் பாத்தாரு. வாயில வைக்க முடியாத உப்பு. எருமைகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது."

யார் சொன்னது என்று கவனி. வருஷம் பூராவும் என் மானைத் திட்டுகிறவர். அதிகாரி நோட்டுப் புத்தகத்தை மூடினார். மூடிவிட்டு, நிலத்துக்காரன் என்கிற மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, "அப்படித்தானுங்களே?" என்றார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. வேறு ஆளாக இருந்தால் போயிருப்பார், இவர் மரியாதைக்காரர், நான் இருமி முடிக்கும் வரை காத்திருந்தார். முடித்துவிட்டு நான், "கோதண்டபாணி நல்ல மனசுல சொல்றாருங்க. தண்ணி இனிப்பு. ஒம்பது அடி" என்றேன்.

ஆழத்தை அவர் கேட்கவே இல்லை.

உனக்குத் தெரியும், மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய் நான் விரதம் எடுத்தவன். கொல்லாமை, பொய்யாமை, திருடாமை என்று போகும். இதில் திருடாமை சுலபம், நம் ஊரில் திருட என்ன இருக்கிறது. பொய்யாமையும் இத்தனை நாள் சிரமமில்லை, ஏனென்றால் என்னிடம் யாரும் முக்கியமாக எதையும் கேட்டது கிடையாது. ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார்.

ஆனால் விரதம் மட்டும்தான் காரணமா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அவரைக் குட்டைக்கு அழைத்துப் போனேன். கையால் அள்ளிக் குடித்தார். "நல்லா வெட்டியிருக்கீங்க, சரிவுகூட அளவா இருக்குது" என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அஜிதா. அதைத்தான் உன்னிடம் எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அவர் போன பிறகு கோதண்டபாணி வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "நயினாரே, உங்க மானைக் கண்டா எனக்கு ஆவாது. ஆனாலும் உங்க மூஞ்சிக்காகப் பொய் சொன்னேன். அது உங்க மூஞ்சிக்கே புடிக்கல. போங்க" என்றார். அம்மா பொழுது போவதற்குள் சாப்பாடு போட்டாள். பேச்சு மட்டும் போடவில்லை.

உன் ஆபீசில் இதற்கு ஏதாவது வழி உண்டா?

அப்பா


விழுப்புரம்
11-7-1943

அப்பாவுக்கு.

வழி இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை கிழிக்கப் போனேன். எதிரி ஒருவர் உங்களுக்காகப் பொய் சொல்கிறார், அதையும் நீங்கள் நின்று திருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் விரதம் உங்களுக்கு. அதற்குத் தண்டம் கட்டப்போவது யார்? மான் விரதம் எடுத்ததா?

சரி. என் பங்கையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் மட்டும் உண்மை பேசுகிறவர் என்று ஆகிவிடக்கூடாது.

திண்டிவனம் பக்கத்துப் பட்டியல் போன வாரம் நல்ல பிரதி எடுக்க என் மேஜைக்கு வந்தது. இருபத்து மூன்றாவது வரி: பெருமுக்கல், வர்த்தமான நயினார், ஆறு காணி, புதர், இனிப்புத் தண்ணீர், ஒன்பது அடி. நான் இருபத்திரண்டை எழுதினேன், அதற்கு அடுத்த நிலத்தை இருபத்து மூன்று என்று போட்டு எழுதிக்கொண்டே போய்விட்டேன். மறுநாள் மேலதிகாரி எண்ணினார். "நாப்பத்தொண்ணு வந்துது, நாப்பதுதான் இருக்குது. ஒண்ணை எங்க உட்ட?" என்றார். என் ஊர் எது என்று அவருக்குத் தெரியாது. "கண் தப்பிடுச்சிங்க சார்" என்றேன். உங்களுக்கு இருமல் வந்த இடத்தில் எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார்த்தீர்களா? அது எதற்கும் உதவவில்லை. அவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்க நானே அந்த வரியை எழுதினேன்.

உத்தரவு இதுதான். மார்கழிப் பட்டத்தில் தானியம் விதைத்திருக்க வேண்டும். மல்லாட்டை கூடாது, கேப்பையோ கம்போ. சொந்தக்காரர் செய்யாவிட்டால் விண்ணப்பம் போட்டவருக்குக் குத்தகைக்கு விடுவார்கள். உங்கள் காட்டுக்கு ஏற்கெனவே ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார், கரி கான்டிராக்டர். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிற காலம், அவருக்கு உங்கள் வீரை மரமும் காரையும்தான் வேண்டும். அவர் ஆள் நாயும் துப்பாக்கியுமாகத்தான் வெட்ட வருவான்.

அதற்குப் பதில் நீங்களே வெட்டிவிடுங்கள். நான் அன்றைக்குக் கேட்டதும் இதுதான் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு நான் கேட்டது எனக்காக.

அஜிதநாதன்


பெருமுக்கல்
5-11-1943

அஜிதநாதனுக்கு.

காடு வெட்டி முடிந்தது. இந்தக் கடிதத்தில் சிரிப்பு வராது, முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஆவணியிலிருந்து வெட்டினோம். எனக்குத் தெரிந்த புத்தியில் ஒரு கணக்குப் போட்டேன். மேற்கிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே போவது. ஒரு நாளைக்கு ஒரு பட்டை, அதற்கு மேல் இல்லை. மேற்கே சத்தம் கேட்டால் மான் கிழக்கே ஒதுங்கும், ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் மலைச்சரிவுக்குப் போய்விடும். அங்கே பாறை இடுக்கில் புதர் இருக்கிறது. கிழக்கு வேலியில் இரண்டு இடத்தில் முள்ளை எடுத்து வழி விட்டேன். குட்டி போட்டிருக்கிற இடத்தை முன்கூட்டியே பார்த்து அந்தப் பக்கம் பத்து நாள் அரிவாள் படவில்லை. வேலைக்கு வந்த பெண்கள், "நயினாரு காடு வெட்றாரா, கல்யாணத்துக்குப் பந்தல் போடறாரா" என்று பேசிக்கொண்டார்கள்.

கணக்கில் ஒரு பிசகு இருந்தது. மனுஷ சத்தம் கேட்டால் மான் ஓடும் என்று எடுத்துக்கொண்டேன். மற்ற மான் ஓடும். எட்டு மாதமாக என் எதிரிலேயே தண்ணீர் குடித்த மான் ஓடவில்லை. அரிவாள் சத்தத்துக்குக் காதை ஆட்டிவிட்டு மேய்ந்தன. கஞ்சி குடிக்க நாங்கள் உட்கார்ந்தால் குட்டைப் பக்கம் வந்து நிற்கும். நான் வேலி எடுத்த வழியை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள், காடு கால்வாசிதான் பாக்கி. வெட்டவெளியில் மான் நிற்பது ரோட்டிலிருந்தே தெரியும். திண்டிவனம் பக்கமிருந்து லாரியில் மூன்று பேர் துப்பாக்கியோடு இறங்கினார்கள். கோதண்டபாணி கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. அவர்தான் வரப்பு வழியாக ஓடி வந்து, "நயினாரே, ஜல்தி வாங்க, வந்துட்டானுங்க" என்று எனக்குச் சொன்னவர்.

நான் ஓடினேன். எனக்கு ஓட வராது, ஆனால் ஓடினேன். குட்டைக் கரை மேல் ஏறித் துப்பாக்கிக்கு எதிரில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். "இது பட்டா நிலம், சுடாதீங்க" என்று கத்தினேன். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "பெரியவரே, பின்னால பாரு" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். நான் கரையில் வந்து நின்றால் தண்ணீர் வேளை என்று அவற்றுக்குப் பழக்கம். பாக்கி இருந்த புதரிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஓடி வரவில்லை, நடந்து வந்தன.

ஏழு விழுந்தன. அந்தக் கரிய ஆண் மான் முதலில்.

லாரி போன பிறகு பெரியசாமி என் கையைப் பிடித்து வரப்பில் உட்கார வைத்தான். "அதுங்க தண்ணிக்கி வரல நயினாரே, உங்ககிட்ட வந்துச்சுங்க" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

நாலு பாக்கி. கண்ணில் படுகின்றன, படாமல் போகின்றன. மார்கழிக்குள் கேப்பை நாற்று நட வேண்டும். குட்டையைச் சதுரமாக வெட்டிக் கிணறு ஆக்கியாயிற்று. சரிவு இப்போது இல்லை.

உன் அம்மா உன்னை வரச் சொல்கிறாள். நானும்தான்.

அப்பா


விழுப்புரம்
9-1-1944

அப்பாவுக்கு.

இரண்டு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. ஆறு காணியில் கிழக்கு ஓரம் ஒரு காணியை மட்டும் மறுபடி புதராக வளர விட அனுமதி கேட்டு உங்கள் பெயரில் நானே ஒரு மனு எழுதிப் போட்டேன். மண் அரிப்பு, காற்றுத் தடுப்பு என்று தெரிந்த காரணமெல்லாம் எழுதினேன். மான் என்று எழுதவில்லை. பதில் வந்த பிறகு உங்களுக்கு எழுதலாம் என்று இருந்தேன். நேற்று வந்தது. "தானியம் விளையும் நிலம்" என்று குறுக்கே எழுதித் திருப்பியிருக்கிறார்கள்.

மேலதிகாரியின் நாற்காலியில் இப்போது ஒரு மான்தோல் விரித்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கையெழுத்து வாங்க ஒரு நாளைக்கு நாலு தடவை அவர் எதிரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி ஒன்றுதான் பாக்கி. அந்த நாலும் பிழைக்க வேண்டுமானால் பயப்படக் கற்றுக்கொள்ள வேண்டும். மனுஷன் தலை தெரிந்தால் மலையைப் பார்த்து ஓட வேண்டும். தகரத்தை அடியுங்கள், மண்ணாங்கட்டி எறியுங்கள், திட்டுங்கள். பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். ஆகையால் இதையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், வேறு யார் செய்தாலும் உங்களிடம் மட்டும் வந்து நிற்கும். உங்களைப் போலவே தொப்பி போடாத, துண்டு போட்ட ஆள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள், உங்களை நம்பினால் அவர்களையும் நம்பிவிடும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருகிறேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அஜிதநாதன்


பெருமுக்கல்
12-3-1944

அஜிதநாதனுக்கு.

நீ பொங்கலுக்கு வந்து தகரம் அடித்துக் காட்டிவிட்டுப் போன பிறகு நடந்ததைக் கேட்டு எழுதியிருந்தாய். உனக்கு அவை ஓடினதை நீயே பார்த்தாய். எனக்கு ஓடவில்லை.

நான் நல்ல வாத்தியார் இல்லை. முதல் நாள் மானைப் பார்த்து என்ன கத்துவது என்றே தெரியவில்லை. கோழி விரட்டுகிற மாதிரி "சூ" என்றேன். தகரத்தை அடித்தால், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து வைக்கிற வாளிச் சத்தம் என்று நினைத்துப் பக்கத்தில் வந்தன. பெரியசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாசி பிறப்பதற்குள் இரண்டு மான் மலைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், போன இடத்தில் நாய் பிடித்துவிட்டதாகவும் சொன்னார்கள். இன்னொன்று என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. மிஞ்சினது ஒரு பெண் மான்.

அது தினமும் காலையில் வரும். கேப்பைப் பயிருக்கு நடுவில், முன்னால் களாப்புதர் இருந்த இடத்தில் வந்து நிற்கும். பயிரைக் கடிக்காது. நின்றுவிட்டுப் போகும். நான் மண்ணாங்கட்டி எறிவேன், பத்தடி தள்ளி விழும். விழுந்த இடத்தில் போய் மோந்து பார்க்கும். நான் திட்டவும் கற்றுக்கொண்டேன், அஜிதா. கேட்டால் நீ அசந்து போவாய். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "அதையா திட்றீங்க" என்று கேட்டாள்.

போன மாதம் பதினெட்டாம் தேதி கோதண்டபாணி வந்தார். "அந்த லாரிக்காரனுங்க நாளைக்கு வர்றானுங்களாம். ஒத்த மானு நிக்குதுன்னு தெரிஞ்சி பூட்ச்சி. எப்பிடியாவது இன்னைக்கே ஓட்டிடுங்க. நான் ஓட்டுனா வரப்பு தாண்டி நின்னுக்கினு உங்களைத் தேடுது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். நின்றுகொண்டிருந்தது. தகரம் அடித்தேன். திட்டினேன். ரோட்டுப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. கிணற்றடியில் கிடந்த கருங்கல் ஜல்லி ஒன்றை எடுத்தேன். முன்னால் விழட்டும் என்றுதான் எறிந்தேன், அதுவும் உண்மை. பள்ளிக்கூடத்தில் பந்து எறியத் தெரியாதவன் என்று என்னை மரத்தடியில் உட்கார வைப்பார்கள். ஆயுசில் ஒரு மாங்காயைக்கூட நான் அடித்து விழ வைத்தது இல்லை. இந்த ஒரு கல் குறி தப்பவில்லை. முன்னங்காலில் பட்டது. குச்சி முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

விழுந்து எழுந்தது. என்னைப் பார்த்தது. அப்போதுதான், அப்பா அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அதன் கண்ணில் என்னைக் கண்டு பயம் வந்தது. மூன்று காலில் மலையைப் பார்த்து ஓடினது. கோதண்டபாணி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் போனது ஏதோ மூட்டை வண்டி. லாரி அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் பெரியசாமி அது ஏரிக்கரை ஓரத்தில் நாய் கடித்துச் செத்துக் கிடந்ததைப் பார்த்தான். நாலு காலும் இருந்திருந்தால் நாய்க்கு எட்டியிருக்காது என்று அவன் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். மண் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

உன் மேல் இதில் குற்றம் ஒன்றும் இல்லை. நீ சொன்ன யோசனை சரியான யோசனை. ஒரு வருஷம் முன்னால் குட்டை வெட்டாமல் தகரம் அடித்திருந்தால் பதினொன்றும் இருந்திருக்கும், கோதண்டபாணியின் மல்லாட்டையைத் தின்றுகொண்டு, என்னைத் திட்ட வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு விரதம் என்று நான் யாரிடமும் பேசுவது இல்லை. பொழுது போவதற்குள் சாப்பிடுகிறேன், அது பழக்கம்.

கேப்பை நன்றாகக் கதிர் விட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் புதுமண் அல்லவா என்கிறார்கள். இன்னும் ஒரு மாதத்தில் அறுப்பு. உன் ஆபீசிலிருந்து ஒரு பாரம் வந்தது, பூர்த்தி செய்து இதோடு வைத்திருக்கிறேன், தபாலில் தனியாக அனுப்பினால் தாமதமாகும் என்றார்கள். பரப்பு ஆறு காணி. தண்ணீர் இனிப்பு, கிணறு. பயிர் கேப்பை. கடைசிக் கட்டத்தில் காட்டு விலங்குகளால் சேதம் உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

நல்ல பிரதி எடுக்க உன்னிடம்தான் வரும். அந்த வரியில் திருத்த ஒன்றும் இல்லை, அப்படியே எழுதிக்கொள்.

அப்பா